'ஸ்வெல்டரிங்' நீக்கப்பட்ட செய்தி

ஓர் ஆங்கில நாளிதழுக்கு நான் தாம்பரம் பகுதிச் செய்தியாளன். ராஜகீழ்ப்பாக்கத்தில் சாலையோரம் மீன் விற்றவர்களை ஜன்னலில்லாத தகரக் கொட்டகைக்கு மாற்றியிருந்தார்கள். மேகமூட்டமான ஒரு மதியம், கோவளத்திலிருந்து மீன் கொண்டுவந்து விற்கும் அக்கா ஒருவர் அங்கே மயங்கி விழுந்தார்.

தெளிந்ததும், "பேப்பர்ல போடு சார். பழையபடி காத்தோட்டமா ரோட்டாண்ட குந்த வுடட்டும்" என்றார்.

'ஸ்வெல்டரிங்' என்று எழுதினேன். வெயிலே இல்லாமல், காற்று நின்று, வியர்வை காயாமல் ஆளைச் சாய்க்கும் புழுக்கத்துக்கு ஆங்கிலத்தில் அதுதான் சரியான சொல். ஆனால் எங்கள் அலுவலகத்தில் வெப்பச் சொற்களை, அன்றைய வெப்பநிலையை அச்சிடும் வானிலைக் கட்டத்தைப் பார்த்துத்தான் போடுவார்கள்.

"முப்பத்தஞ்சு டிகிரிதான் சார். நாப்பது தாண்டாம இந்த வேர்ட் வேணாம்" என்றார் துணை ஆசிரியர்.

கொட்டகைக்குள் யாரும் அளக்கவில்லையே என்றேன். பக்கம் அச்சுக்குப் போய்விட்டது என்றார்.

மறுநாள் வந்தவை இரண்டே வரிகள்: 'வார்ம்' நாளில், அதாவது வெதுவெதுப்பான நாளில், பெண் மயக்கம். கொட்டகையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எரிச்சலோடு அதை அக்காவுக்குத் தமிழில் சொன்னேன்.

"வெதுவெதுப்பா? நான் இன்னா சார், வெந்நீர்லயா குளிச்சிகினு இருந்தேன்?" என்றவர், கூடையைத் தூக்கிக்கொண்டு அதே கொட்டகைக்குள் போனார்.