பறை இல்லாமல் கச்சேரி இல்லை

ஆம்பூரில் வாஹித் பாஷாவிடம் எதையும் கேட்டு வாங்கிவிடலாம் என்று ஒரு பேச்சு உண்டு. கல்யாண ஊர்வலத்தில் பேசியதற்கு மேல் நாலு பாட்டு கேட்டாலும் ஊதுவார். மாப்பிள்ளை வர நேரமாகிறது, மழையில் நில்லுங்கள் என்றால் நிற்பார். ‘முடியாது’ என்ற சொல் அவர் வாயில் வந்து யாரும் கேட்டதில்லை.

அஞ்சாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தோல் கம்பெனிக்குப் போனவர். ஈரத்தோல் சுமந்த உடம்பு. சாயங்காலம் குளித்துத் தொழுதுவிட்டு வந்தால், அதே ஆள் கிளாரினெட்டை எடுத்து இழைப்பார் பாருங்கள், தெருவில் போகிறவன் சைக்கிளை விட்டு இறங்கிவிடுவான். மூச்சு ஆண்டவன் கொடுத்தது, அதைச் சும்மா விடக்கூடாது என்பார்.

அந்தக் கம்பெனியில்தான் வேதாசலம் கிடைத்தார். தோல் கட்டின் ஒரு முனை இவர் தோளில், மறு முனை அவர் தோளில். பேண்டு செட்டிலும் அப்படித்தான், இவர் கிளாரினெட், அவர் பெரிய டிரம். சாவுக்கும் அம்மன் திருவிழாவுக்கும் வேதாசலம் தன் பறையை எடுப்பார். ஊர்வலத்தில் பாங்கு சொல்லும் சத்தம் வந்தால் ஊதிக்கொண்டிருக்கிற வாஹித்துக்குக் கேட்காது. வேதாசலம்தான் முதலில் கையை நிறுத்தி, குச்சியால் அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டுவார்.

போன வருஷம் வேதாசலத்துக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு தரம் வேலூர் பஸ் ஏறிப்போய், ரத்தத்தை மிஷினில் சுத்தம் செய்துகொண்டு வருகிறார். அதற்காக இடது கையில் நரம்பை அறுத்துச் சேர்த்திருக்கிறார்கள். அந்தக் கை எதையும் தூக்கக்கூடாது, அதன்மேல் எதுவும் அழுந்தக்கூடாது. பறையோ இடது தோளில் தொங்கி, இடது கை அணைப்பில் நிற்கிற சாமான். “கையை என்கிட்டயே வுட்டுட்டு, மோளத்தைப் புடுங்கிக்கினாங்க பாய்” என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். வாஹித்தால் சிரிக்க முடியவில்லை.

வைத்தியச் செலவுக்கு ஒரு கச்சேரி வைப்பது என்று வாஹித்தான் ஆரம்பித்தார். மெல்லிசைக் குழு நடத்துகிற ஜோதியம்மா ஸ்பீக்கரோடு வருகிறேன் என்றார். பேரணாம்பட்டிலிருந்து பம்பைக்காரர்கள் வந்தார்கள். கல்யாண மண்டப மேனேஜர் சாமிநாதன், முதலாளியிடம் பேசி, ஏ.சி. ஹாலையே வாடகையில்லாமல் வாங்கிக்கொடுத்தார். நல்ல மனுஷர் என்று எல்லோரும் சொன்னார்கள். டிக்கெட்டும் நன்றாக விற்றது.

வேதாசலம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “நான் அடிக்கலன்னாலும் பரவால்ல. என் பேர்ல நடக்கிற கச்சேரில என் மோளம் ஒரு தடவ பேசணும் பாய்.” வாஹித் வாக்குக் கொடுத்தார்.

கச்சேரியன்று சாயங்கால மக்ரிப் தொழுகை முடிவதற்குள் ஹால் நிறைந்துவிட்டது. வேதாசலம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வாஹித் அவருடைய பறையை மேடைப்படியில் வைத்து, சுற்றியிருந்த லுங்கித் துணியை அவிழ்த்தார். அதைப் பார்த்ததும் சாமிநாதன் விறுவிறுவென்று வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் பேசினார்.

“பாய், தப்பா எடுத்துக்காதீங்க. இது சாவுக்குப் போற மோளம். நாளைக்குக் காலைல இதே மேடைல முகூர்த்தம். பொண்ணு வீட்டுக்காரங்க காதுக்குப் போச்சின்னா என் வேலை போய்டும். மத்ததெல்லாம் ஜோரா வாசிங்க, இது மட்டும் மேல ஏற வேணாம்.”

வாஹித் ஹாலைப் பார்த்தார். காசு கொடுத்து வந்த சனம். பறையை ஓரமாக வைத்துவிட்டால் கச்சேரி நடந்துவிடும், வைத்தியமும் நடந்துவிடும். அவர் தயங்கியதை வேதாசலம் கண்டுகொண்டார். உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை அசைத்தார்.

“உடு பாய். எனக்குப் பழக்கம்தான். நீ ஆரம்பி.”

கோபமாகச் சொல்லியிருந்தாலும் வாஹித் தாங்கியிருப்பார். குடிக்கத் தண்ணீர் கேட்பதைப் போல அவ்வளவு சாதாரணமாக அதைச் சொல்லிவிட்டு, மடியிலிருந்த சால்வையை நீவிக்கொண்டிருந்தார் மனுஷர். வாஹித் நிமிர்ந்து நின்றார்.

“முடியாது சார்” என்றார் சாமிநாதனிடம். “அந்தச் சாவுக்கெல்லாம் என் கிளாரினெட்டும் கூடவே போயிருக்கு. அப்ப அதுவும் ஏறக்கூடாது. ஜோதியம்மா ஸ்பீக்கர் கட்டாத துக்க வீடு இந்த ஊர்ல கெடையாது. பம்பையும் அப்படித்தான். மோளம் ஏறலன்னா நாங்க யாரும் ஏறல.”

ஏற்கெனவே மேடையில் நின்றிருந்த ஜோதியம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். “நான் மட்டும் இன்னா, மைக்கை இடுப்புல சொருவிக்கினு தனியா ஆடவா?” என்றபடி வயரைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார். சாமிநாதன் கெஞ்சினார், பிறகு அதட்டினார். இனிமேல் இந்த மண்டபத்துக் கல்யாணம் ஒன்றுக்கும் உங்கள் செட்டைக் கூப்பிடமாட்டோம் என்றும் சொன்னார். வாஹித் ஒரு சலாம் போட்டுவிட்டுப் பறையைத் தூக்கிக்கொண்டார். சனத்திடம் நடந்ததை மறைக்காமல் சொல்லி, வருகிறவர்கள் வரலாம், டிக்கெட் காசு வேண்டுமென்றால் வாசலில் திருப்பித் தருகிறேன் என்றார். முணுமுணுப்பு இருந்தது. நாலைந்து பேர் காசை வாங்கிக்கொண்டு போகவும் செய்தார்கள். மீதிப் பேர் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

எதிர்ப்பக்கம் அக்தரி பேகத்தின் பிரியாணிக் கடை. பக்கத்தில் லாரி நிற்கிற காலி இடம், அதுவும் அவருடையதுதான். வாஹித் போய், அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி, ஆபா, கொஞ்சம் இடம் வேண்டும் என்று இழுத்தார். அந்த அம்மா அதற்குள் கடைப் பெஞ்சுகளை வெளியே போடச் சொல்லிவிட்டிருந்தார். ஜோதியம்மாவின் ஸ்பீக்கர்கள் குட்டியானை லோடு வண்டி மேலேயே ஏறின.

பறையை ஒருவர் தட்டிப் பார்த்தார். ‘தொப்’ என்றது. ஏ.சி. குளிரில் தோல் தொய்ந்துவிட்டது. வைக்கோல் கொளுத்திக் காய்ச்ச வேண்டும். கடைத்தெருவில் நெருப்பு மூட்டினால் போலீஸ் வரும். எல்லோரும் முழித்துக்கொண்டு நிற்க, அக்தரி பேகம் கேட்டார்:

“சூடுதானே வேணும்? எங்கிட்ட இல்லாத நெருப்பா?”

தம் போட்டிருந்த அண்டாவின் மூடியிலிருந்து கனிந்த கரியை இரும்புத் தட்டில் தள்ளிக் கொண்டுவந்து வைத்தார். பிரியாணி வேகாமல் போனால் நான் பொறுப்பில்லை, கச்சேரி முடியும்வரை எல்லோரும் பசியோடு கேளுங்கள் என்றார். பெஞ்சுகளில் சிரிப்பு எழுந்தது.

வேதாசலம் எழுந்து வந்தார். காய்ச்சுகிற வேலையை அவர் யாரிடமும் விடுவதில்லை. ஒருவர் பறையைப் பிடித்துக்கொள்ள, வலது கையால் அதைக் கரிமேல் திருப்பித் திருப்பி, விரலால் சுண்டிச் சுண்டிக் கேட்டார். சத்தம் ஏறிக்கொண்டே போய், ஒரு சுண்டலுக்கு ‘டிங்’ என்று மணி மாதிரிக் கேட்டது. பம்பைக்காரர்கள் இரண்டு பேர் அடிக்கக் கை நீட்டினார்கள். அவர் அதை வாஹித்தின் தோளில் மாட்டினார்.

“நான் ஊதறவன்” என்றார் வாஹித்.

“இத்தனை வருஷமா எம்பக்கத்துலதான நின்னே, உங் காதை வாடகைக்கா வுட்டிருந்தே? இந்தா, புடி.”

மெல்லிய நீளக் குச்சி வாஹித்தின் இடது கைக்கு வந்தது. தடித்த குச்சியைத் தன் வலது கையில் வைத்துக்கொண்டு வேதாசலம் எதிரில் நின்றார். ஆபரேஷன் செய்த கை பாரமில்லாமல் பக்கத்தில் தொங்கியது. முதல் சுற்றில் வாஹித் பிந்தினார். இரண்டாவதில் முந்தினார். கல்யாணத்துக்கு ஓடுகிற மாதிரி ஓடாதே என்று வேதாசலம் எல்லோர் முன்னாலும் திட்டினார். மூன்றாவதில் குச்சிகள் இரண்டும் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தன. ஒரே பறை, இரண்டு ஆள். பம்பைகள் தாமாக வந்து சேர்ந்துகொண்டன. கூட்டம் எழுந்து நின்றுவிட்டது.

சாமிநாதன் ரோட்டைத் தாண்டி ஓடிவந்தார். பெண் வீட்டார் வேன் வந்துவிட்டது, சத்தத்தைக் கொஞ்சம் கம்மி பண்ணுங்கள் என்றார். மண்டப வாசலில் சீர்ப் பாத்திரங்களோடு இறங்கிய நாலைந்து பேர் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு, நன்றாகத் தெரியும்படி தள்ளி வந்து நின்றாள்.

வேதாசலம் குச்சியை நிறுத்தவில்லை. “அவங்களையும் வரச் சொல்லு சார். பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு டிக்கெட்டு கெடையாது.”

பிறகு வாஹித்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இருவரும் வேகத்தைக் கூட்டினார்கள்.