சின்ன மாமாவின் தேசிய அணி

எங்கள் குடும்பத்தில் நாட்டுக்காக விளையாடப் புறப்பட்டவர் என்றால் அம்மாவின் தம்பி, என் சின்ன மாமா ஒருவர்தான். அதுவும் கிரிக்கெட் இல்லை. காலில் சக்கரச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, உருண்டு ஓடியபடி தடியால் பந்தை அடிக்கும் ஹொக்கி. ஆண்கள் தேசிய அணிகளுக்கான உலகச் சுற்றுப்போட்டி ஐரோப்பாவில் நடக்கப் போகிறது, மாமா இலங்கை அணியில் இருக்கிறார் என்று வீட்டில் சொன்னார்கள். எனக்கு அப்போது எட்டு வயது. துறைமுகத்தில் படகு எஞ்சின் திருத்துகிற மாமா எப்போது இந்த விளையாட்டைப் பழகினார் என்று கேட்கத் தோன்றவில்லை.

அவர் பழகியதை நானே பார்த்தேன். தம்பலகாமத்தில் ஒரு அரிசி ஆலை. நெல் காயப்போடும் சீமெந்துத் தளம் அங்கே வழவழவென்று கிடக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா சோற்றுப் பார்சலோடு என்னையும் கூட்டிப்போவார். மீனவர், மேசன், ஓட்டோ ஓட்டுபவர் என்று ஒரு பத்துப் பேர் அங்கே விழுந்தெழும்பிக்கொண்டிருப்பார்கள். விழுந்தவரைத் தூக்கப் போனவரும் விழுவார். நான் வயிறு நோகச் சிரிப்பேன். அம்மா சிரித்து நான் பார்க்கவில்லை. எல்லாரையும்விட மோசம் எங்கள் மாமாதான். அதனால், ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரர் அவரைக் கோல் காப்பாளராக்கிவிட்டார். குந்தியிருந்தால் போதுமே! களைத்துப்போனால் எல்லாரும் வரிசையாக நின்று தேசிய கீதம் பாடிப் பழகுவார்கள். விமான நிலையத்தில் கேட்டாலும் கேட்பார்களாம். நான் பள்ளிக்கூடத்தில் தமிழில் பாடுகிற பாட்டை அவர்கள் சிங்களத்தில் பாடினார்கள்.

அது நாட்டில் சண்டை முடிந்த புதிது. மாமாவை விசாரிக்கவேண்டும் என்று ஆட்கள் அடிக்கடி எங்கள் அன்புவழிபுரத்து வீட்டுக்கு வந்துபோனார்கள். வந்தால் அம்மா என்னை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிடுவார். அவர்களும் விளையாட்டு விஷயமாகத்தான் வருகிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

புறப்பட்ட அன்று மாமா நீல ஜக்கெற் போட்டிருந்தார். முதுகில் பெரிதாக நாட்டின் பெயர். அணியை விமான நிலையத்துக்கு ஏற்றிப்போன வான் வண்டியிலேயே அம்மாவும் நானும் வழியனுப்பப் போனோம். கண்டி வீதியில் சோதனைச் சாவடியில் வான் நின்றது. எட்டிப் பார்த்த சிப்பாய்க்கு மாமாவின் வயதுதான் இருக்கும். ஜக்கெற்றைக் கண்டதும் அடையாள அட்டை கேட்க மறந்துபோனான். ஜன்னலுக்குள் கையை விட்டு மாமாவுக்குக் கைலாகு கொடுத்து, வெற்றியோடு வரவேண்டும் என்று சிங்களத்தில் வாழ்த்தினான். வான் நகர்ந்த பிறகு மாமா அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று நான் கை தட்டினேன்.

மாமா இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை. தோற்கிற அணிகள் முதலில் ஊர் திரும்பும் என்பது தொலைக்காட்சி பார்த்துத் தெரியும். பத்திரகாளி கோவிலில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, மாமாவின் ஆட்கள் முதல் ஆட்டத்திலேயே தோற்கவேண்டும் என்று கும்பிட்டேன். காளி உடனே இரங்கிவிட்டாள். வாரம் முடியுமுன் மாமா வாசலில் நின்றார்.

"தோத்திட்டீங்களோ மாமா?"

"ஓம் பிள்ளை. தோத்திட்டம்."

நான் துள்ளிக் குதித்தேன். அம்மா குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நடந்ததை நான் வளர்ந்த பிறகுதான் அம்மா சொன்னார். விமானம் மாறுகிற இடத்தில் அதிகாரிகளுக்கு, இது உண்மையான அணிதானா என்று சந்தேகம் வந்துவிட்டது. சப்பாத்தைப் போட்டு ஓடிக்காட்டுங்கள் என்றார்களாம். அந்தப் பளிங்குத் தரையில் ஒவ்வொருவராக விழுந்திருக்கிறார்கள். மாமா மட்டும் விழவில்லை. குந்தியபடியே நீளமான நடைபாதையின் முடிவுவரை உருண்டுபோய்த் திரும்பி வந்தாராம். அதிகாரிகள் கை தட்டினார்களாம். தட்டிவிட்டு, அவரையும் சேர்த்து எல்லாரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"நான் ஒருத்தன் நிண்டு என்ன அக்கா, டீம் எண்டால் டீம்தானே" என்று மாமா சொன்னாராம்.

அதன்பிறகு வீட்டுக்கு ஆட்கள் வருவது கூடிப்போனது. சில மாதங்களில் மாமா நிலாவெளிப் பக்கமிருந்து அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட படகொன்றில் ஏறினார். அதற்கு ஜக்கெற்றும் தேவைப்படவில்லை, தேசிய கீதமும் தேவைப்படவில்லை. அந்தப் படகு எங்காவது கரைசேர்ந்ததா என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. ஜக்கெற் அம்மாவின் அலுமாரியில் இருக்கிறது.

அவர் போன காலை எனக்கு நல்ல நினைவு. பள்ளிக்கூடச் சட்டையோடு வாசல் படலையில் நின்றேன். மாமா ஒரு சின்னப் பையோடு வந்து என் தலையைத் தடவினார்.

"திரும்பவும் மட்சுக்கோ மாமா?"

"ஓம்."

"தோத்தால் கெதியா வந்திடுவீங்கள்தானே?"

மாமா குனிந்து என் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டார்.

"இந்தமுறை தோத்தால் வர ஏலாது பிள்ளை."

எனக்கு அது பெரிய சிக்கலாகத் தெரியவில்லை. காளியிடம் மாற்றிக் கேட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

"அப்ப வெண்டுபோட்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.