படத்துக்குள் இருந்த விலாசம்

அடிக்கும் கணவனிடமிருந்து தப்பி, மகளோடு உத்தமபாளையத்துக்கு வந்து, ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்து பிழைக்கிறேன். நான் இருக்கும் ஊர் அவருக்குத் தெரியாது.

என் நிலைமை தெரிந்த சின்னமனூர் வாடிக்கைக்காரப் பெண் ஒருத்தி, நூல் தெளிவாகத் தெரியவேண்டும் என்று ரவிக்கைப் படத்தை வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னாள். அனுப்பியதுமே போன் செய்தாள்.

"அக்கா, படத்துல விவரத்தத் தொட்டா ஒங்க தெருவையே மேப்புல காட்டுது. டாக்குமெண்டா அனுப்புனா எடுத்த எடமும் கூடவே வந்துரும். வேற யாருக்காச்சும் இப்படி அனுப்பினீகளா?"

முந்தின நாள்தான் நாத்தனார், "பிள்ளையப் பாக்கணும்போல இருக்கு மதினி, தெளிவா ஒரு படம் அனுப்புங்க" என்று கேட்டிருந்தாள். அவள் போன் கிடக்கும் வீட்டில்தான் என் கணவரும் இருக்கிறார். அதையும் டாக்குமெண்டாக அனுப்ப நினைத்திருந்தேன். நல்லவேளை, முகூர்த்த ரவிக்கைகளின் வேலை நெருக்கடியில் மறந்துபோனேன்.

"இல்லம்மா, அனுப்பல" என்றபோதுதான் எனக்கு மூச்சே வந்தது.

அவள் சொல்லச் சொல்ல, கேமராவில் லொகேஷனை அணைத்தேன். மகளின் படத்திலிருந்தும் இடத்தை நீக்கிவிட்டு நாத்தனாருக்கு அனுப்பினேன்.

பதில் உடனே வந்தது: "நல்லாச் சிரிக்கிறா. எங்கன இருக்கீகன்னு நான் கேக்க மாட்டேன் மதினி. சொல்லிறாதீக."

இந்த ஊருக்கு வந்தபின் அன்றுதான் நிம்மதியாக அழுதேன்.