அம்மா கத்தாமல் இருக்க ஓர் அப்டேட்

அம்மா இனிமேல் கத்தக் கூடாது என்று டாக்டர் சொன்னது அப்பாவுக்குக் கேட்கவில்லை. நெய்வேலிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பக்கத்திலேயே நின்று அவர் காது போயிருந்தது. அவரிடம் பேசிப் பேசி அம்மாவின் தொண்டை போனது. அம்மா மாதா கோயில் பாடகர் குழுவில் இருந்தாள். இப்படியே போனால் குரலே இருக்காது, பாட்டும் வேண்டாம், கத்தலும் வேண்டாம் என்றார் டாக்டர். பாட்டை அன்றே நிறுத்திவிட்டாள். கத்தலை நிறுத்த வழி தெரியவில்லை.

காதுக்கு மெஷின் வாங்கலாம் என்றேன்.

"மெஷின் மாட்டிகினு போனா மெடிக்கல் செக்கப்ல புடிச்சி லைட் டியூட்டில போட்டுடுவாங்க, அலவன்ஸ் போயிடும்," என்றார் அப்பா. ஹெட்ஃபோன் என்றால் பரவாயில்லையாம். பாட்டு கேட்கிறார் என்று நினைத்துக்கொள்வார்களாம்.

எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். உள்ளங்கை அளவில், ஒரே போர்டில் அடங்கிய கம்ப்யூட்டர் கிட் ஒன்றை வரவழைத்து, சமையலறையில் ஒரு மைக்கோடு இணைத்தேன். அம்மா மெல்லப் பேசினால் அப்பாவின் வயரில்லாத ஹெட்ஃபோனில் பலமாகக் கேட்க வேண்டும். கேட்கவும் செய்தது. ஆனால் தாமதமாக.

"தோசையா, இட்லியா?" என்று அம்மா கேட்பாள். பதில் வராது. "கேஸ் வந்துச்சா?" என்பாள்.

"தோசை," என்பார் அப்பா.

கடைசியில் பொறுமை போய்க் கத்துவாள். அப்புறம் தொண்டையைப் பிடித்துக்கொண்டு வெந்நீர் குடிப்பாள்.

கோளாறு போர்டின் ஆபரேட்டிங் சிஸ்டத்தில். அடுத்த அப்டேட்டில் சரியாகிவிடும் என்று அதே போர்டை வைத்திருந்தவர்கள் இணையத்தில் எழுதியிருந்தார்கள். எப்போது என்று ஒருவரும் எழுதவில்லை. கான்ட்ராக்ட் ஆட்கள் பெர்மனென்ட் ஆகக் காத்திருக்கும் ஊரில் இதெல்லாம் ஒரு காத்திருப்பே இல்லை. ஷிஃப்ட் முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றிக்கொண்டே அப்பா கேட்பார்.

"வந்துச்சா பாப்பா?"

நான் கையை விரிப்பேன்.

"நம்ம பெல்ட்ட நிறுத்தி ரிப்பேர் பாக்கறாப்ல, ஷட்டவுன் எடுத்துகினு வேலை பாக்கறான் போலருக்கு. அவசரப்படுத்தாத."

எனக்கு எரிச்சலாக வரும். தேய்ந்துகொண்டிருந்தது அவர் தொண்டை இல்லை.

அப்பா ரிட்டயர் ஆனார். இனி லைட் டியூட்டி பயம் இல்லையே, மெஷின் வாங்கலாமா என்று கேட்டேன். "ரிட்டயர் ஆன கையோட செவுடாயிட்டான்னு பேசுவானுங்க," என்றார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து, டவுன்ஷிப்புக்கு வெளியே வடக்குத்தில் சொந்த வீட்டுக்குப் போனோம். பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அப்டேட் வந்தது.

மதியம் சாப்பிட்டதும் ஆரம்பித்தேன். பாதியில் கரண்ட் போனது. மூன்று பேரும் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தோம். டவுன்ஷிப்பில் கரண்ட் போகாது. ஊருக்கெல்லாம் கரண்ட் தயாரிக்கிற இடம். அதனால் போகும் என்ற யோசனையே எங்களுக்கு இல்லை. இன்வெர்ட்டர் கிடையாது. வீட்டில் இருந்த மெழுகுவத்தி மாதாவுக்கு வாங்கியது.

பக்கத்து வீட்டு அக்கா காம்பவுண்டுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "இந்நேரத்துக்கு தெனமும் போவுங்க. நாங்க மிக்ஸி வேலைலாம் முன்னாடியே முடிச்சிகினு உக்காந்துடுவோம்."

கரண்ட் வந்தது. போர்டு வரவில்லை. மெமரி கார்டில் இருந்ததெல்லாம் போயிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. "என்னாச்சு?" என்று அப்பா கேட்டார். அவருக்குப் பதில் சொல்ல அம்மாதான் மறுபடி கத்த வேண்டியிருந்தது.

மறுநாள் காலையிலேயே கார்டை அழித்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றினேன். கரண்ட் போவதற்குள் முடிந்தது. அப்பா முன்னறையில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பேப்பரோடு உட்கார்ந்தார். அம்மா மைக் பக்கம் குனிந்து, டாக்டர் சொன்னபடி மெதுவாக, "ஏங்க, சாப்பிட வாங்க," என்றாள்.

அப்பா பேப்பரைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். அம்மாவின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

"உடம்புக்கு என்னா? ஏன் இப்டி பேசற?"