மாமா எடுத்த நிலா

அந்தப் படத்தில் நிலா எங்கே என்று யாராவது காட்டினால்தான் தெரியும். ஒரு வெள்ளை மிளகு அளவுதான். மாமி அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். அதை எடுக்க மாமா பட்ட பாடு இருக்கிறதே, அது எனக்குத்தான் தெரியும்.

தொண்ணூறுகளில் மாமி சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தார். மலையகத்தில் பலாபத்வலைப் பக்கம் டீச்சராக இருந்த நான் மாமா வீட்டில் தங்கி, அவர்களுடைய மகளைப் பார்த்துக்கொண்டேன். இரண்டு வருடம் முடியும் நேரம் கடிதம் வந்தது. இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடவா என்று மாமி கேட்டிருந்தார். “பாப்பா படம் மட்டும் அனுப்பிறாதீங்க, பாத்தா இங்க இருக்க ஏலாது. நம்ம வீட்டுக்கு மேல வார நிலாவ எடுத்து அனுப்புங்க” என்றும் எழுதியிருந்தார். ‘வந்துரு’ என்று பதில் போட மாமாவுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் மாமி அனுப்பிய காசில் கட்டிக்கொண்டிருந்த வீடு பாதியில் நின்றது. வாயைத் திறக்காமல் நிலாவைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார் மனுஷன்.

இரவல் கேமராவில் ஒரேயொரு படம்தான் மிச்சம். பௌர்ணமியன்று பார்த்து வானம் மூடிக் கிடந்தது. பொழுது சாய்ந்ததிலிருந்து மாமா வாசலில் அண்ணாந்தபடியே நின்றார்.

“வெளிச்சம் அடிச்சா ரோட்டுல நிக்கிற ஆமிக்காரங்க வந்துருவாங்க மாமா, உள்ள வாங்க.”

எனக்கு உண்மையாகவே பயம். யுத்தம் நடந்த அந்த நாட்களில் தமிழ் ஆட்களான நாங்கள் இருட்டில் சும்மா நின்றாலே விசாரிப்பார்கள்.

“கொஞ்சம் பொறு புள்ள, மேகம் வெலகுது.”

விலகியது. நிலாவுக்கு வெளிச்சம் போதாதென்று நினைத்தாரோ என்னவோ, பிளாஷைப் போட்டு அழுத்திவிட்டு ஓடி வந்து கதவைச் சாத்தினார். நல்லவேளை, யாரும் வரவில்லை.

கழுவி வந்த படத்தைப் பார்த்து என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. வெளிச்சமெல்லாம் கொடியில் நான் எடுக்க மறந்த பாப்பாவின் சிவப்புக் கவுன் மேல் விழுந்திருந்தது. மாமி போகும்முன் தைத்தது அது. வளரும் பிள்ளையென்று அடியில் மூன்று மடிப்பு வைத்திருந்தார். மூன்றையும் ஒவ்வொன்றாக நான் பிரித்துவிட்டிருந்தேன். மடிப்புக்குள் இருந்த துணி மட்டும் நிறம் மங்காமல் பட்டை பட்டையாகத் தெரிந்தது. “படத்தக் கெடுத்துட்டியே” என்று மாமா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வேறு வழியில்லாமல் அதையே அனுப்பினார்.

மாமியின் பதிலை நான்தான் வாசித்துக் காட்டினேன். நிலாவைப் பற்றி ஒரு சொல் இல்லை.

“மூணு மடிப்பையும் பிரிச்சாச்சா? நான் கையெழுத்துப் போடல்ல. வாறேன்.”

மாமா இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.