தூக்கணாங்குருவியும் கவரிங் சங்கிலியும்

கும்பகோணத்தில் விலங்கியல் படித்து முடித்து வீட்டில் இருந்த நாட்களில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. குடவாசல் பக்கம் எங்கள் வீடு. கொல்லையில் வாய்க்காலை ஒட்டி ஓர் ஈச்சமரம். குறுவைப் பயிர் வளரும் சமயத்தில் தூக்கணாங்குருவிகள் நெல் இலையைக் கீற்றாகக் கிழித்துவந்து அதில் கூடு கட்டும். கட்டுவது ஆண்தான். பாதி முடிந்ததும் மஞ்சள் தலையோடு கூட்டில் தொங்கிச் சிறகடித்துப் பெண்ணைக் கூப்பிடும். பெண் வந்து அலகால் இழுத்துப் பார்க்கும். பிடிக்கவில்லையென்றால் போய்விடும், பாதிக்கூடு காய்ந்து தொங்கும். பெண்கள் இப்படிப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியதால்தான் தலைமுறை தலைமுறையாக அந்த நெசவும் மஞ்சளும் மெருகேறின என்று படித்திருந்தேன். படித்ததிலேயே அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பாடம்.

எங்கள் வீடுகளில் நடப்பது வேறு. பார்க்க வருவது மாப்பிள்ளை. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று அம்மா எதிர்வீட்டு அக்காவின் வளையல்களை இரவல் வாங்கி என் கையில் மாட்டிவிட்டாள். ஊர்ப் பையன்கள் வரிசையாக வெளிநாடு போய்க்கொண்டிருந்த காலம் அது. வந்தவரும் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர், ஒரு மாத லீவு. சென்ட் வாசனை அவருக்கு முன்னால் வந்தது. கழுத்தில் தடியான சங்கிலி.

காப்பி குடித்தபின் இரண்டு வார்த்தை பேசட்டும் என்று எங்களைக் கொல்லைக்கு அனுப்பினார்கள். வெயிலில் அவருக்கு வியர்த்தது. காலரில் சங்கிலி பட்ட இடம் பச்சையாக இருந்தது. விடுவேனா நான்?

"சங்கிலி கவரிங்கா?"

அவர் முகம் சிறுத்துப்போனது. தங்கம் என்று சொல்லியிருந்தால் அப்பாவிடம் வேண்டாம் என்றிருப்பேன்.

"ஆமாங்க. இருந்த சங்கிலிய தங்கச்சி கல்யாணத்துக்குப் போட்டுட்டோம். சிங்கப்பூர்லேருந்து வெறுங்கழுத்தோட வந்தா ஊர்ல ஒரு மாதிரி பேசுவாங்கன்னு அம்மாதான் இதப் போடச் சொன்னாங்க."

அப்பா கேட்டபோது சரி என்றேன். குருவி மாதிரி இழுத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன் என்று எனக்கு அத்தனை பெருமை. அவர் லீவில் வரும்போதெல்லாம் அந்தச் சங்கிலியைச் சொல்லிக் கிண்டல் செய்வேன். சிரிப்பதோடு சரி.

பல வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிங்கப்பூரிலிருந்து போன் செய்தவரிடம் மறுபடி அதையே ஆரம்பித்தேன்.

"நீ காப்பி குடுத்தப்ப வளையல் நிக்கவே இல்ல, மேலயும் கீழயும் ஓடுச்சு," என்றார். "உன் கைக்குச் செஞ்சதில்லன்னு அப்பவே தெரியும்."

"அப்ப ஏன் கேக்கல?"

"கேட்டா நீ அழுதுடுவியோன்னு விட்டுட்டேன்."

போனை வைத்த பிறகு அழுதேன். அன்றைக்குப் பார்த்தது நான் மட்டும்தான் என்று அத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.