கடலைக் கொல்லையில் பேஸ்பால்

அமெரிக்காவில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியபோது, ஆபீஸ்காரர்கள் எனக்கு ஒரு பேஸ்பால் மட்டை, ஒரு பந்து, ஒரு கிளவுஸ் கொடுத்து வழியனுப்பினார்கள். உருப்படியாக வேறு ஏதாவது கொடுத்திருக்கலாம். ஆலங்குடிப் பக்கம் எங்கள் வீட்டில் அந்த மட்டையை வைத்து நாய் விரட்டலாம், அவ்வளவுதான். பந்தைத் தொட்டுப் பார்த்த அண்ணி, "இது மண்டையில பட்டா என்னத்துக்கு ஆவுறது?" என்று பிடுங்கிக்கொண்டுபோய் அரிசி டிரம்முக்குள் போட்டுவிட்டார்.

இப்போது அண்ணன் வீட்டு மாடியில் உட்கார்ந்துதான் எனக்கு ஆபீஸ் வேலை. ஜன்னலுக்கு நேர் கீழே, கடலை பறித்து முடிந்த கொல்லையில் தெருப்பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள். நான் மீட்டிங்கில் வாய் திறக்கும் நேரம் பார்த்துத்தான் அவர்களுக்கு எல்.பி.டபிள்யூ. சண்டை வரும். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும். ஒரு நாள் திட்டுவதற்காகவே கீழே இறங்கினேன்.

அண்ணன் மகள் முள்வேலிக்குள் கையை விட்டுப் பந்து எடுத்துக்கொண்டிருந்தாள். ஒன்றாம் வகுப்பு. இருப்பதிலேயே சின்னவள். அதனால் ஆட்டத்தில் அவள் ஒப்புக்குச் சப்பாணி. அவளுக்கு மட்டும் பந்தைத் தரையோடு உருட்டிவிடுவார்கள். ஸ்டம்ப் விழுந்தாலும் அவுட் இல்லை, எவ்வளவு ஓடினாலும் ரன்னும் இல்லை. எல்லாரும் கை தட்டிவிட்டு, மறுபடி வேலிப்பக்கம் அனுப்பிவிடுவார்கள்.

என்னைப் பார்த்ததும் அவள் கேட்டாள். "அத்தே, அமெரிக்காவுலயும் சின்னப்புள்ளைங்க ஒப்புக்குத்தானா?"

திட்ட வந்தது மறந்துபோயிற்று. அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "அங்க ஒரு ஆட்டம் இருக்குடி. அதுல ஒப்புக்குன்னே யாரும் கெடையாது. எல்லாரும் வரிசையா அடிச்சே ஆகணும்" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். சொன்னபிறகு கற்றுத்தராமல் இருக்க முடியுமா?

உரச்சாக்குகளில் மணல் நிரப்பி நாலு மூலையிலும் போட்டோம். டென்னிஸ் பந்து. மட்டையும் கிளவுஸும் மட்டும் அசல் அமெரிக்கா. இது பேஸ், அது ஹோம், எறிகிறவன் பிட்சர், பின்னால் உட்கார்ந்து பிடிக்கிறவன் கேட்சர் என்று மூச்சுப் பிடித்து விளக்கினேன். பேஸில் கால் வைக்காதவனைப் பந்தோடு தொட்டால் அவுட். நாலு சாக்கையும் சுற்றி ஹோமுக்கு வந்தால்தான் ஒரு ரன்.

"அம்புட்டுத் தூரம் ஓடுனா ஒத்த ரன்னுதானா?" என்றான் அண்ணன் மகன். ஆறாம் வகுப்பு, அந்தக் கொல்லையின் நிரந்தரக் கேப்டன். அமெரிக்காக்காரன் ஏமாளி என்று அப்போதே முடிவு கட்டிவிட்டான்.

முதல் பந்தை அடித்தவன் மட்டையும் கையுமாக நேரே பிட்சரிடம் ஓடி, திரும்பி வந்து, "ரெண்டு!" என்று கத்தினான். மட்டையைப் போட்டுவிட்டு அங்கிட்டுப் பார்த்து ஓடுடா என்றேன். மட்டையைப் போட ஒருத்தனுக்கும் மனசு வரவில்லை. "கீழ போட்டா அடுத்தவன் எடுத்துக்குவான்ல அத்தே?" அந்தத் தெருவில் மட்டை கைமாறினால் திரும்பக் கிடைக்காது என்பது அனுபவப் பாடம். இன்னொரு தகராறு வைடு பந்தைப் பற்றி. அதற்கு இந்த ஆட்டத்தில் பெயர் 'பால்' என்றேன். அப்படியானால் கையில் இருப்பது என்ன என்றார்கள். அதுவும் பால்தான் என்றதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த விளக்கத்தை அத்தோடு விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு கட்சி பிரித்து நிஜ ஆட்டம். நான்தான் அம்பயர். சின்னவள் ஒரு கட்சி, அவள் அண்ணன் எதிர்க்கட்சிக்குக் கேட்சர். அவளையும் வரிசையில் சேர்க்க வேண்டும் என்றபோது, "அவுட்டானா அழுவா அத்தே, அப்புறம் அம்மா என்னையத்தான் வையும்" என்றான். நான் கேட்கவில்லை.

அவள் முறை வந்தது. மட்டை அவள் தோளுக்கு மேல் நின்றது. பிட்சர் பழக்கதோஷத்தில் பந்தைத் தரையோடு உருட்டினான். "பால்!" என்றேன். மறுபடியும் உருட்டினான். எறிடா என்று கத்தினாலும் அவளைப் பார்த்தால் அவன் கை தானாகத் தணிந்தது. நாலாவது உருட்டலுக்கும் "பால்!" சொல்லி, "நாலு பால் ஆச்சு, முதல் பேஸுக்குப் போடி" என்றேன்.

"அடிக்காமலா?"

"ஆமா. ஓடக்கூட வேணாம், நடந்தே போ."

கல்யாணப்பெண் மாதிரி நிதானமாக நடந்து போய்ச் சாக்கின் மேல் ஏறி நின்றாள். அடுத்தடுத்து ஆடியவர்கள் அடித்த அடியில் மூன்றாவது சாக்கு வரைக்கும் வந்துவிட்டாள். அதற்கடுத்தவன் அடித்த பந்து வேலிப்பக்கம் போனது. "ஓடு! ஓடு!" என்று அவள் கட்சி கத்த, தலைமுடி பறக்க ஹோமை நோக்கி ஓடி வந்தாள்.

வேலியிலிருந்து வந்த பந்து அவளை முந்திவிட்டது. அவள் அண்ணன் பிடித்தும்விட்டான். பிடித்தவன் தொடவில்லை. பந்தை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். அம்பயராக இருந்தும் எனக்கும் அதே ஆசைதான். பந்தைத் தவறவிடேன்டா என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவன் மெல்ல ஒதுங்கி வழிவிட்டான்.

அவள் சாக்குக்கு ஓரடி முன்னால் நின்றுவிட்டாள். முகம் சுருங்கிப் போயிற்று.

"நான் ஒப்புக்கு இல்லண்ணே."

சத்தம் போடவில்லை. அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னாள். ஒரு நொடி யோசித்த அவள் அண்ணன், குனிந்து பந்து இருந்த கிளவுஸால் அவள் தோளைத் தொட்டான்.

வேறு வழியில்லாமல் விரலைத் தூக்கினேன். "அவுட்."

அழப்போகிறாள், வாரித் தூக்கிக்கொள்ளலாம் என்று கையை நீட்டினேன். அவள் என்னைத் தாண்டி ஓடினாள். கொல்லையைத் தாண்டி, கொல்லைப்புறக் கதவைத் தள்ளிக்கொண்டு, அடுப்படியில் நின்ற அண்ணிக்குக் கேட்கும்படி, தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

"அம்மா, நான் அவுட்டாயிட்டேன்! நெசமாவே அவுட்டு!"